வெளிமாநிலத்தில் விபத்து: ஆம்புலன்ஸ் வந்துட்டா மட்டும் போதுமா?

2017 ஆகஸ்ட் 6, இரவு. கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு சாலை விபத்து. அங்கே வேலை பார்த்துவந்த திருநெல்வேலித் தொழிலாளி ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். ஆம்புலன்ஸ் வந்தது, அவரை ஏற்றிக்கொண்டது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரை மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தது. வென்டிலேட்டர் இல்லை, கூட ஆள் இல்லை என்று சொல்லப்பட்ட காரணங்கள் பல. சுமார் 7 மணி நேரத்துக்குப் பிறகு, மறுநாள் காலை ஆம்புலன்ஸிலேயே அவர் உயிர் பிரிந்தது.

சில நாட்களில் முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் அந்தக் குடும்பத்திடம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அரசு 10 லட்சம் ரூபாய் நிதியுதவி அளிக்க முடிவு செய்தது.

இன்று டெக்னோபார்க்கில் வேலை, கழக்கூட்டத்தில் பி.ஜி. என்று வாழும் தமிழர்கள் நிறைய பேர். அந்தத் தொழிலாளிக்கும் இவர்களுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். ஆனால் மயங்கிய நிலையில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது இருவரும் ஒன்றுதான்: பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாத வெளியூர்க்காரர்.

அப்போ, சிக்கல் ஆம்புலன்ஸ் பற்றாக்குறையா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. கேரளாவில் 2010-ல் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வந்தது. 2019-ல் 'கனிவ் 108' என்ற பெயரில் 315 ஆம்புலன்ஸ்களோடு மாநிலம் முழுக்க விரிந்தது.

2017-ல் நடந்தது வேறு. வண்டி வந்துவிட்டது, படுக்கை கிடைக்கவில்லை. எந்த மருத்துவமனையில் வென்டிலேட்டர் காலியாக இருக்கிறது என்பது வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாசலாகப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மருத்துவமனை 'இல்லை' என்று சொல்லலாமா?

முதலுதவிகூடச் செய்யாமல் அனுப்ப முடியாது. 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பது அவரது கடமை என்றது. போலீஸ் நடைமுறைகளுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னது.

அடுத்த தீர்ப்பு 1996-ல் வந்தது. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. இது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறும் செயல் என்றது உச்ச நீதிமன்றம். கூடவே, காலிப் படுக்கை எங்கே இருக்கிறது என்று தெரிந்து நோயாளியை நேராக அங்கே அனுப்ப ஒரு மையத் தகவல் தொடர்பு அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது.

அதாவது, 2017-ல் அந்த ஆம்புலன்ஸுக்கு எது தேவைப்பட்டதோ, அதை நீதிமன்றம் 21 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தது.

கேரளாவின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2018-ல் வந்தது. அதை 2025 நவம்பரில் உறுதிசெய்த கேரள உயர் நீதிமன்றம், முன்பணம் கட்டவில்லை, ஆவணம் இல்லை என்பதற்காக அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. வேறு இடத்துக்கு மாற்றுவதானாலும், முதலில் நோயாளியின் நிலையைச் சீராக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

செலவை யார் பார்ப்பது?

இங்கே எல்லைக்கோடு முக்கியம். தமிழ்நாட்டின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட தொகை வரை இலவசம். அவர் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம், ஆனால் விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். களியக்காவிளையில் அடிபட்டால் பொருந்தும். எல்லை தாண்டி பாறசாலையில் அடிபட்டால், உங்கள் ஆதாரில் நாகர்கோவில் முகவரி இருந்தாலும் பொருந்தாது.

அந்த இடைவெளியை ஓரளவு அடைப்பது 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். நாட்டின் எந்தச் சாலையிலும் மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு, 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் திட்டத்தில் இல்லாத மருத்துவமனையில், நிலையைச் சீராக்கும் வரைதான் இது பொருந்தும். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இதில் வராது.

நாம என்ன செய்யலாம்?

முதலில், 108 எண் ஒன்றுதான், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கட்டுப்பாட்டு அறை வேறு. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவுக்காக 108 அடித்தால், பேசுவது கேரளக் கட்டுப்பாட்டு அறை. அதனால் ஊரில் உடனே 108-ஐ அழைக்கக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எண் கைவசம் இருக்கட்டும்.

அடுத்து, நாலு மலையாளச் சொற்கள். விபத்துக்கு 'அபகடம்', நெஞ்சுவலிக்கு 'நெஞ்சுவேதன', மூச்சுத்திணறலுக்கு 'ஸ்வாசம் முட்டல்', நினைவில்லை என்பதற்கு 'போதமில்லா'. கூடவே பக்கத்தில் இருக்கும் ஒரு அடையாளத்தையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, கேரள மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் சொல் 'பைஸ்டாண்டர்', அதாவது நோயாளிக்குத் துணையாக இருப்பவர். உங்களுக்கு ஒன்று என்றால் யார் பைஸ்டாண்டர் என்று அறைத்தோழரிடமோ சக ஊழியரிடமோ இப்போதே பேசி வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் தெரியும்படி அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, காப்பீட்டு விவரம் ஆகியவற்றைப் பதிந்துவிடுங்கள்.

கடைசியாக, ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று நகர வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது.

இவை எல்லாம் நம் தரப்பில் செய்யக்கூடிய முன்னெச்சரிக்கைகள். மருத்துவமனையின் கடமைக்கு இவை மாற்று அல்ல. கூட ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலுதவி தந்தே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம். எத்தனை வண்டி ஓடுகிறது, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கேட்கப் பழகிவிட்டோம். மருத்துவமனை வாசலில் அந்த வண்டி எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதையும் இனி கேட்க வேண்டும்.