ஆயிரம் யார் தூரத்துக் குறி: இதெல்லாம் தெரியுமா?

காலிமுகத்திடலின் நீளம் சுமார் அரைக் கிலோமீற்றர். அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளி, 1000 யார் தூரத்தில், அதாவது 914 மீற்றரில் ஒரு பலகை நிற்கிறது. சில போட்டிகளில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் அகலம் வெறும் 10 அங்குலம்! அந்த வட்டத்தைத் துளைக்கவே விடுமுறை நாட்களில் கூடும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கொலன்னாவையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து வாசிக்கும் உங்களுக்கு அவர்களின் உலகத்து அதிசயங்கள் சில!

சன்னம் எவ்வளவு கீழே விழும், தெரியுமா?
அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன். அதற்குள் புவியீர்ப்பு சன்னத்தைச் சுமார் 11 மீற்றர் கீழே இழுத்துவிடும். மூன்று மாடி உயரம்! மணிக்கு 16 கிலோமீற்றர் வேகப் பக்கக் காற்று என்றால், இரண்டு மீற்றர் அளவுக்குப் பக்கவாட்டிலும் தள்ளிவிடும். அதனால்தான் தேர்ந்த சுடுநர் துவக்கின் குதிரையைத் தொடுமுன் கொடிகளையும் கானல் அலைகளையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கொழும்புப் புழுக்கம் சன்னத்துக்கு உதவும், தெரியுமா?
ஈரக்காற்று கனமானது என்றுதானே நினைக்கிறோம்? ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது உலர்ந்த காற்றைவிட இலேசானது! நீராவி மூலக்கூறு நைதரசன் மூலக்கூறைவிட எடை குறைந்தது. ஆகவே சன்னத்துக்குத் தடையும் சற்றுக் குறைவு.

பூமி சுழல்வதும் குறியை மாற்றும்!
1000 யாரில் லண்டனில் சுட்டால் பூமியின் சுழற்சி சன்னத்தைச் சுமார் 8 சென்ரிமீற்றர் வலப்பக்கம் விலக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கொழும்பில் அது ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். ஆனால் இங்கே கிழக்கு நோக்கிச் சுட்டால் குறி சுமார் 10 சென்ரிமீற்றர் மேலேறும். மேற்கு நோக்கினால் அதே அளவு கீழிறங்கும்!

முதற் சூட்டைச் சுட்டவர் ஒரு மகாராணி!
1860 ஜூலையில் லண்டன் விம்பிள்டன் திடலில் பிரித்தானிய தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டி தொடங்கியது. தாங்கியில் பொருத்திய விட்வேர்த் துவக்கை, பட்டுக் கயிற்றை இழுத்து 400 யார் தூரத்துக்குச் சுட்டுத் தொடக்கிவைத்தார் விக்டோரியா மகாராணி.

பத்திரிகைச் சவாலில் பிறந்த பெரும் போட்டி தெரியுமா?
1873இல் அயர்லாந்தின் ஆதர் லீச் 'நியூயோர்க் ஹெரால்ட்' பத்திரிகை வழியாக அமெரிக்கர்களுக்குச் சவால் விட்டார். ஏற்றது ஒரு பொழுதுபோக்குக் கழகம்: நியூயோர்க் அமெச்சூர் ரைபிள் கிளப். 1874 செப்டெம்பர் 26இல் நியூயோர்க்கின் கிரீட்மூர் சுடுதிடலில் 800, 900, 1000 யார் தூரங்களில் அணிக்கு ஆறு பேர் சுட்டனர். அயர்லாந்து 931 புள்ளிகளோடு முடித்தது. அமெரிக்காவுக்கு ஒரேயொரு சூடு மிச்சம். அதைச் சுட வேண்டிய ஜோன் பொடைனின் கையை, வெடித்த ஜிஞ்சர் பியர்ப் போத்தல் கிழித்திருந்தது! கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். நேரே நடுவில்! 934 புள்ளிகள்!

இன்னும் கேளுங்கள்: அயர்லாந்தின் மில்னர் அன்று சுட்ட ஒரு சன்னம் நடுவட்டத்திலேதான் பட்டது. ஆனால் பக்கத்துப் பலகையின் நடுவட்டத்தில்! புள்ளி பூச்சியம். அன்று நடுவட்டத்துக்குரிய நான்கு புள்ளி கிடைத்திருந்தால் வெற்றி அயர்லாந்துக்கு. அதே மில்னர் 34 ஆண்டுகள் கழித்து, 61 வயதில், 1908 ஒலிம்பிக்கின் 1000 யார் போட்டியில் 100க்கு 98 எடுத்துத் தங்கம் வென்றார்!

வயதும் பார்வையும் பாலினமும் தடையா?
கனடாவின் ஜோர்ஜ் ஃபார்க்குஹார்சன் கண்பார்வை மங்கியபோது தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுட இடம் கேட்டார். இன்று உலகப் பட்டப்போட்டிகள் நடக்கும் 'எஃப் கிளாஸ்' பிரிவு அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கியது. 1930இல் ஆண்கள் நிறைந்த இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதல் போட்டியில் மார்ஜரி ஃபொஸ்டர் ஒரே புள்ளி வித்தியாசத்தில் மன்னர் பரிசை வென்றார். அதை வென்ற முதற் பெண் அவரே!

நம் நாட்டின் தங்கம் தெரியுமா?
1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் குறிபார்த்துச் சுடுதலில் இணைந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார்கள்.

துவக்கு வைத்திருக்க இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டப்படி உத்தரவுப்பத்திரம் வேண்டும். ஆகவே ஆர்வலருக்கு நேர்வழி அங்கீகாரம் பெற்ற கழகம்தான். அங்கே தூரம் 10 மீற்றராக இருக்கலாம். ஆனால் அந்த வளித்துவக்குப் பலகையில் பத்துப் புள்ளியின் அளவு அரை மில்லிமீற்றர்! மூச்சை அடக்கி, கையை நிலைநிறுத்தி, பொறுமையோடு காத்திருக்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் புள்ளி எட்டும். கற்றுக்கொடுக்க நாம் முன்வர வேண்டும்!