இலவசமாகக் கிடைக்கும் மாட்யூல்: நம்பலாமா, நமக்கு ஆகுமா?

உங்கள் ஸ்மார்ட்போனில் செட்டிங்ஸ் திறந்து, 'அபவுட் போன்' பகுதிக்குள் போங்கள். 'லீகல் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் ஓப்பன் சோர்ஸ் உரிமங்களின் பட்டியலைத் திறந்து விரலால் தள்ளிப் பாருங்கள், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அத்தனையும் யார் யாரோ எழுதி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பொதுவில் வைத்த நிரல்கள். இப்படி ஒரு குறிப்பிட்ட வேலைக்காக எழுதி வைத்த நிரல் துண்டைத்தான் மாட்யூல் என்கிறோம். தேதியைப் படிக்க ஒன்று, பிடிஎஃப் உருவாக்க ஒன்று, க்யூஆர் குறியீடு போட ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

சரி, இது புரோகிராமர்கள் கவலைதானே, நமக்கென்ன என்று தோன்றும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ நீங்கள் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் இந்த ஊர்க்காரர்கள், மீதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். வருகைப் பதிவு, கேட் பாஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு ஆப் வேண்டும் என்று தெரிந்த பையனிடம் கேட்கிறீர்கள். பாலிடெக்னிக் முடித்தவன், கெட்டிக்காரன், ஒரே மாதத்தில் செய்து கொடுத்துவிடுகிறான். எப்படி முடிந்தது? அவன் எழுதியது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் இணையத்திலிருந்து எடுத்த மாட்யூல்கள். அதில் தப்பே இல்லை, பெரிய நிறுவனங்களும் அப்படித்தான் செய்கின்றன. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசே 2015-ல் கொள்கை வெளியிட்டது. எதை எடுத்தான், எப்படிப் பார்த்து எடுத்தான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

'ஐம்பது லட்சம் பேர் டவுன்லோடு பண்ணியிருக்காங்க சார்' என்பான். அந்த எண்ணிக்கையை முழுசாக நம்ப வேண்டாம். மென்பொருளைச் சோதிக்கும் இயந்திரங்கள் ஒரே மாட்யூலை நாள் முழுக்கத் தானாகவே இறக்கிக்கொண்டிருக்கும், அதுவும் கணக்கில் ஏறிவிடும். கிட்ஹப் தளத்தின் நட்சத்திரங்களைக் காசு கொடுத்தே வாங்கலாம். எல்லாம் போகட்டும், ஐம்பது லட்சம் பேருக்கு உதவுகிற மாட்யூல் உங்கள் சம்பளச் சீட்டுக்கு உதவும் என்பதற்கு என்ன உறுதி?

ஒரு உதாரணம். பைத்தான் மொழியில் தேதியைப் படிப்பதற்கு 'டேட்யூட்டில்' என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. நல்ல மாட்யூல், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதனிடம் 07/01/2024 என்று கொடுத்தால், தனியாக எதுவும் சொல்லாதபோது, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் எடுத்துக்கொண்டு ஜூலை 1 என்று படிக்கும். நாம் எழுதியதோ ஜனவரி 7. இதைவிட விவகாரமானது அடுத்தது: 25/06/2024 என்று கொடுத்தால் 25-வது மாதம் கிடையாது என்று புரிந்துகொண்டு, சத்தமே இல்லாமல் ஜூன் 25 என்று சரியாகப் படித்துவிடும். அதாவது 13-ம் தேதி முதல் வருவதெல்லாம் சரி, 12 வரைக்கும் குழப்பம். சோதித்துப் பார்க்கிறவர் 25-ம் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று சொல்லிவிடுவார். ஜனவரி 7-ல் வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி ஆவணத்தில் ஜூலை 1-ல் சேர்ந்தவர் ஆகிவிடுவார். கிராஜுவிட்டி கணக்குப் போடும் நாளில் அந்த ஆறு மாதத்துக்கு யார் பதில் சொல்வது? 'நாள்தான் முதலில்' என்று நிரலில் ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். மாட்யூலின் விளக்கப் பக்கத்தில் அது எழுதியே இருக்கிறது, படித்திருக்க வேண்டும் அவ்வளவுதான்.

அடுத்து தமிழ். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 'கும்மிடிப்பூண்டி' எத்தனை எழுத்து? கு, ம், மி, டி, ப், பூ, ண், டி. எட்டு. ஆனால் கணினி ஒருங்குறியில் எழுத்தையும் அதோடு சேரும் புள்ளி, உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுவதால், பல மாட்யூல்கள் 16 என்று சொல்லும். 'திருவள்ளூர்' நமக்கு 6, அதற்கு 11. ஊர்ப் பெயருக்கான கட்டத்தில் 15 எழுத்துதான் என்று வரம்பு வைத்திருந்தால், எட்டு எழுத்துப் பெயர்கூட அடங்காமல் 'கும்மிடிப்பூண்ட' என்று நின்றுவிடும். எழுத்தை நம் கணக்கில் எண்ணுவதற்கென்றே தன்னார்வலர்கள் எழுதிய 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் மாட்யூல் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்துத் தேடுகிறவர் கண்ணில் அது சுலபமாகப் படாது.

பிடிஎஃப் மாட்யூலுக்கு நான் வைக்கும் பரீட்சை 'பொன்னேரி'. கொம்பும் காலும் இருக்கிற சொல். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதைச் செய்வதற்குத் தனி ஏற்பாடு தேவை. 'ஹார்ஃப்பஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அப்படி ஏற்பாடு இல்லாத மாட்யூலில் கொம்பு பின்னால் தள்ளிப்போய், பொன்னேரி அடையாளம் தெரியாமல் உடைந்துகிடக்கும். திரையில் அழகாகத் தெரிவது அச்சில் உடைவது உண்டு. அதனால் ஒரு தாளிலாவது அச்செடுத்துப் பாருங்கள். கூடவே இனிஷியல் மட்டும் உள்ள பெயர் ஒன்று, 'லாஸ்ட் நேம்' கட்டம் காலியாக ஒன்று, இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று. சம்பளத் தொகை 1,00,000 என்று வருகிறதா, 100,000 என்று வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. இதற்குப் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை, உங்கள் ஆட்களின் பட்டியல் கையில் இருந்தால் போதும்.

பயன்படுமா என்பதை இப்படிப் பார்த்துவிடலாம். நம்பலாமா என்பது வேறு விஷயம். அதற்கு, யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

2024 மார்ச்சில் உலகமே தப்பிப் பிழைத்த கதை ஒன்று உண்டு. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற கருவி லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. பல வருடமாகக் கிட்டத்தட்ட ஒரே ஆள்தான் சம்பளமில்லாமல் பார்த்துவந்தார். உதவுகிறேன் என்று ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணினிக்குள் நுழையும் ரகசியக் கதவை ஒளித்து வைத்தார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதில்தான் வெளிவந்தது. மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்தால் வெளியாள் ஒருவர் அவ்வளவு தூரம் போயிருப்பது கஷ்டம்.

எனவே மாட்யூலின் பக்கத்தில் சில விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் பராமரிக்கிறார்கள்? பயனர்கள் பதிவிட்ட பிழைகளுக்குப் பதில் வருகிறதா, இல்லை வருடக்கணக்கில் கிடக்கிறதா? கடைசியாகப் புதுப்பித்து மூன்று வருடம் ஆகிவிட்டதே என்றால், அது மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். எண்ணை எழுத்தாக்கிக் காட்டும் சின்ன மாட்யூல் ஒரு தடவை சரியாக எழுதினால் போதும். ஆனால் இணையத்தோடு பேசும் மாட்யூல் மூன்று வருடம் தொடப்படாமல் கிடந்தால் யோசிக்க வேண்டியதுதான். பெயரையும் எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 2017-ல் 'கிராஸ்-என்வ்' என்ற மாட்யூலுக்குப் பக்கத்திலேயே, நடுவில் கோடு மட்டும் இல்லாத பெயரில் ஒரு போலியை வைத்திருந்தார்கள். அவசரத்தில் தப்பாகத் தட்டியவர்களின் கணினியிலிருந்து ரகசிய விவரங்களை எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது அது.

ஒரு மாட்யூல் இன்னும் பல மாட்யூல்களைத் தன்னோடு இழுத்துவரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி மாட்யூலை எழுதியவர் கோபத்தில் அதை நீக்கிவிட, அதை நம்பியிருந்த பெரிய பெரிய மென்பொருள்களே உருவாகாமல் நின்றன. பதினோரு வரிதான்! அதை நாமே எழுதிக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆப்பைக் கையில் வாங்கும்போது, உள்ளே இருக்கும் மாட்யூல்களின் பெயர், பதிப்பு எண், உரிமம் மூன்றும் அடங்கிய பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதற்கு எஸ்பிஓஎம் என்று பெயர். 2024 அக்டோபரில் செர்ட்-இன் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தையல்காரர் மீதித் துணியைத் திருப்பிக் கொடுப்பதுபோல, கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கேட்காவிட்டால் வராது. நாளைக்கு ஏதோ ஒரு மாட்யூலில் ஓட்டை என்று செய்தி வந்தால், பட்டியலை எடுத்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் 'நம்மிடம் இருக்கிறதா' என்று சொல்லிவிடலாம். பையன் வேறு வேலைக்குப் பெங்களூர் போய்விட்டாலும் அடுத்து வருகிறவருக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.

உங்கள் சோதனையில் பொன்னேரி உடைந்து வந்தால், அந்த மாட்யூலைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் பிழையைப் பதிவிடச் சொல்லுங்கள். என்ன தட்டினோம், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என்ற நான்கும் இருக்கட்டும், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வைக்கட்டும். தொழிலாளர்களின் உண்மையான பெயர், ஆதார் எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. ஊர்ப் பெயரை மட்டும் வைத்து அனுப்பினால் போதும்.