இன்ஜின் போச்சு... காரைச் சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. பானெட்டிலிருந்து புகை. கார் பட்டறைக்குப் போகிறது. மறுநாள் மெக்கானிக் அழைக்கிறார்: "இன்ஜின் போச்சு. 7,000 வெள்ளிக்கு மேல ஆகும். செய்யலாமா, வேணாமா?"

அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

பல நாடுகளில் காரின் விலையையும் பழுதுபார்க்கும் செலவையும் ஒப்பிட்டால் போதும். சிங்கப்பூரில் அது போதாது. இங்கே காரின் ஆயுளை சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ்தான் நிர்ணயிக்கிறது. அதில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்பதே முதல் கேள்வி.

உண்மையிலேயே இன்ஜின் போய்விட்டதா?

"இன்ஜின் போச்சு" என்ற ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் உண்டு.

- அதிகச் சூடு: கூலன்ட் கசிந்து, இன்ஜின் மேல்பகுதியில் உள்ள ஹெட் கேஸ்கெட் கெட்டிருக்கலாம். பாதிப்பு அதோடு நின்றால் 'டாப் ஓவர்ஹால்' போதும். முழு இன்ஜினையும் மாற்ற வேண்டியதில்லை.
- எண்ணெய்க் குறைவு: உள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இதற்குச் செலவு அதிகம்.
- டைமிங் பெல்ட் அறுந்தது: பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும்.
- தண்ணீர் புகுந்தது: திடீர் வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கம்ப்ரெஷன் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். பழுதான பாகத்தின் படத்தையும், எழுத்துப்பூர்வமான விலைப்பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பட்டறையிலும் விசாரிப்பது நல்லது.

பழைய இன்ஜின் ஒன்றைப் போடலாம் என்றால், அதற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று கேளுங்கள். இன்ஜின் எண் மாறும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் அதைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஓடாத காருக்கும் மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. 10 ஆண்டு முடிவதற்குள் காரின் பதிவை ரத்துசெய்தால் இரண்டு தொகை கிடைக்கும்.

ஒன்று, சிஓஇ கழிவு. பயன்படுத்தாத காலத்திற்கு ஏற்ப அது கணக்கிடப்படும்.

மற்றொன்று, 'பார்ஃப்' கழிவு. கார் வாங்கியபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு. 8 வயதைத் தாண்டிய காருக்கு 55 விழுக்காடு, 9 வயதைத் தாண்டினால் 50 விழுக்காடு. (அண்மை ஆண்டுகளில் பதிவான கார்களுக்கு விதிமுறை வேறு.)

இரண்டையும் சேர்த்துத்தான் 'பேப்பர் வேல்யூ' என்கிறோம். இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தத் தொகை மாறாது. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஓர் எடுத்துக்காட்டு. சிஓஇ-க்கு 40,000 வெள்ளியும் கூடுதல் பதிவுக் கட்டணமாக 20,000 வெள்ளியும் கட்டியிருக்கிறீர்கள். பழுதுச் செலவு 7,200 வெள்ளி.

18 மாதம் மிச்சம் என்றால்:
- இன்றே ரத்துசெய்தால் கிடைப்பது 6,000 + 11,000 = 17,000 வெள்ளி.
- கடைசிவரை ஓட்டினால் கிடைப்பது 10,000 வெள்ளி.
- வைத்திருப்பதால் இழப்பது 7,000 வெள்ளி. பழுதுச் செலவும் சேர்ந்தால் 14,200 வெள்ளி. மாதத்திற்குச் சுமார் 789 வெள்ளி.

6 மாதமே மிச்சம் என்றால்:
- இழக்கும் சிஓஇ கழிவு 2,000 வெள்ளி. பார்ஃப் கழிவில் மாற்றமில்லை.
- பழுதுச் செலவோடு 9,200 வெள்ளி. மாதத்திற்குச் சுமார் 1,533 வெள்ளி!

அதே கார், அதே பழுது. ஆனால் மாதச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இனி, நீங்கள் வாங்க நினைக்கும் மாற்றுக் காரைப் பாருங்கள். விற்பனை விளம்பரங்களில் 'ஆண்டுத் தேய்மானம்' என்று போட்டிருப்பார்கள். அதை 12ஆல் வகுத்து, உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சிஓஇ புதுப்பித்த காராக இருந்தால்?

புதுப்பித்தபோதே பார்ஃப் கழிவு போய்விட்டது. மிச்சமுள்ள சிஓஇ மட்டுமே கணக்கு. 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மீண்டும் நீட்டிக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். இன்ஜினைச் சரிசெய்தாலும் கியர்பாக்ஸ், ஏர்கான் எல்லாம் பழசுதான்.

கையில் பணம் இருக்கிறதா?

சிலருக்குக் கணக்கு "மாற்று" என்று சொன்னாலும் கையிருப்பு இடம் தராது. கார்க் கடன் விலையில் 70 அல்லது 60 விழுக்காடுவரைதான் கிடைக்கும். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். பழைய காரின் கடன் பாக்கி இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். கழிவுத்தொகை அதற்கே சரியாகிவிடலாம்.

வேறு யாராவது பணம் தருவார்களா?

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று:
- உத்தரவாதம்: விற்பனையாளர் கொடுத்த காலம் முடிந்துவிட்டதா?
- காப்புறுதி: தேய்மானத்தால் வரும் பழுதுக்குப் பொதுவாகக் கிடைக்காது. வெள்ளச் சேதத்திற்குக் கிடைக்கலாம். ஒப்பந்தத்தைப் படியுங்கள்.
- 'லெமன்' சட்டம்: வணிகரிடம் வாங்கிய காரில் 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழைய கார்களுக்கும் இது பொருந்தும். பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம்.

மெக்கானிக்கிற்குப் பதில் சொல்லுமுன் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: பழுதுச் செலவு, இன்றைய பேப்பர் வேல்யூ, மிச்சமுள்ள மாதங்கள். குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு அழைத்துவந்த கார் என்ற பாசம் இருக்கலாம். தப்பில்லை. அந்தப் பாசத்துக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.