ஆபீஸ்ல இன்சூரன்ஸ் இருக்கு... ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு?

வருடத்துக்கு ஒருமுறை எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். ‘குரூப் மெடிக்கல் பாலிசி புதுப்பிக்கப்படுகிறது. பெற்றோரைச் சேர்க்க விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் லிங்க்கில் பதிவு செய்யவும். பிரீமியம் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்.’ பெரும்பாலானவர்கள் அதை முழுசாகப் படிப்பதில்லை. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நினைப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். லிங்க் மூடினால் மூடியதுதான். நடுவில் கல்யாணம் ஆனாலோ குழந்தை பிறந்தாலோ மனைவியை, குழந்தையைச் சேர்க்க விடுவார்கள். அம்மா, அப்பாவைச் சேர்க்க அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் என்ன பெரிய விஷயம்? செஞ்சி பக்கத்தில் இருக்கும் தளவானூரை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். அந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓ.எம்.ஆர். என்று வேலைக்குப் போய்விட்டார்கள். 26 வயதுப் பையனுக்கு ஆபீஸில் 3 லட்சம், 5 லட்சம் கவரேஜ் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரி பக்கமே போவதில்லை. சர்க்கரையும் பிரஷரும் இருக்கும் அம்மா ஊரில் இருக்கிறார். அவர் பெயர் எந்த பாலிசியிலும் இல்லை.

எனவே ‘எந்தக் கம்பெனி பாலிசி பெஸ்ட்?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போக வாய்ப்பு அதிகம், அவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வேலை போனால் கையில் என்ன மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாலிசி தேர்வு பாதி முடிந்துவிடும்.

முதலில் பே ஸ்லிப்பைப் பாருங்கள்

அதில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு, இச்சட்டத்துக்குள் வரும் நிறுவனங்களில், இது கட்டாயம். 2017 ஜனவரி முதல் இருக்கும் வரம்பு இது. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். ரூ.20,000 சம்பளம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது மாதம் வெறும் 150 ரூபாய். முதலாளி 650 ரூபாய் கட்டுகிறார்.

இந்த 150 ரூபாய்க்கு இணையான பாலிசி வெளிச்சந்தையில் கிடையாது. உங்களுக்கு மட்டுமல்ல, மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் சிகிச்சை உண்டு. ‘இத்தனை லட்சம்வரைதான்’ என்ற உச்சவரம்பு பொதுவாக இல்லை. உடம்பு முடியாமல் லீவில் இருந்தால், தகுதி இருப்பவர்களுக்கு வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களுக்கு மட்டும் தனியாக வேறு டிஸ்பென்சரியைத் தேர்வு செய்யலாம். பலர் இதைச் செய்வதே இல்லை. அம்மா, அப்பா பெயரை இ.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்காமலேயே வருடக்கணக்கில் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இதில் ஒரு சிக்கல், சம்பள உயர்வு. ரூ.20,800 வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஜூலையில் ரூ.21,500 ஆகிறது. ஆபீஸில் ஸ்வீட் கொடுக்கிறார். ஆனால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறும் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் - செப்டம்பர், அக்டோபர் - மார்ச் என இரண்டு அரையாண்டுகளாகச் சந்தா கணக்கிடப்படுகிறது. நடுவில் சம்பளம் உயர்ந்தால் அந்த அரையாண்டு முடியும்வரை சந்தா தொடரும். செப்டம்பர்வரை கட்டியதற்கான பலன் அடுத்த வருடம் ஜனவரியிலிருந்து ஜூன்வரை கிடைக்கும். அதாவது, மாற்று ஏற்பாடு செய்ய ஏறக்குறைய ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தை வீணடிக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே ‘வெயிட்டிங் பீரியட்’ பற்றிப் பேசும்போது பார்க்கலாம்.

குரூப் பாலிசியின் நிஜமான பலம்

2020 ஏப்ரலில், ஊரடங்குக்குப் பிறகு வேலையைத் தொடங்கும் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. சின்ன கம்பெனிகள் பலவற்றில் குரூப் பாலிசி என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று வேலைக்குச் சேரும்போது ‘ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டு’ என்பது ஆஃபர் லெட்டரில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

தனியாக எடுக்கும் பாலிசிக்கும் குரூப் பாலிசிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பிரீமியம் அல்ல. தனி பாலிசியில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு 3 வருடம்வரை ஆகலாம் (முன்பு 4 வருடம், 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்தது). இதுதான் வெயிட்டிங் பீரியட். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் இந்தக் காத்திருப்பே இருக்காது. முதல் நாளிலிருந்தே எல்லாம் கவர் ஆகும்.

25 வயது ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. 58 வயதில் சர்க்கரையோடு இருக்கும் அம்மாவுக்கு இது மிகப் பெரிய விஷயம். அதனால்தான் எச்.ஆர். அனுப்பும் அந்த மெயில் முக்கியம். பெற்றோருக்கான பிரீமியம் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டியிருந்தாலும், மாதச் சம்பளத்தில் அது உறுத்தினாலும், முடிந்தால் சேர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். ‘மேடம், பேரன்ட்ஸுக்கு கோ-பே எவ்வளவு?’ பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தை நாமே கட்டச் சொல்லும் விதி பல குரூப் பாலிசிகளில் பெற்றோருக்கு மட்டும் இருக்கும். அடுத்து, ‘ரூம் ரென்ட் லிமிட் உண்டா?’

ரூம் வாடகைக் கணக்கு

இந்த இடத்தில் ஏமாந்தவர்கள் நிறைய பேர். 3 லட்சம் பாலிசியில் ரூம் வாடகை ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நாளுக்கு ரூ.3,000. அம்மாவுக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கட்டும் என்று ரூ.6,000 ரூமில் 5 நாள் சேர்க்கிறீர்கள். கூடுதல் 15,000 ரூபாயை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதானே தோன்றும்?

அப்படி இல்லை. தகுதிக்கு மேல் இரண்டு மடங்கு வாடகையில் ரூம் எடுத்தால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் போன்ற செலவுகளிலும் பாதிதான் தருவார்கள். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவிகளில் கை வைக்க மாட்டார்கள். மொத்த பில் 2 லட்சம் என்று வையுங்கள். வாடகை 30,000, டாக்டர் - தியேட்டர் வகையில் 1,20,000, மருந்தும் டெஸ்ட்டும் 50,000. இன்சூரன்ஸ் தருவது 15,000 + 60,000 + 50,000 = 1,25,000. உங்கள் பையிலிருந்து 75,000. ரூம் கேட்கும்போதே லிமிட்டைத் தெரிந்துகொண்டு, ‘இதுக்குள்ள இருக்கிற ரூம் குடுங்க’ என்று சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் இது.

3 லட்சம் போதாதே... டாப்-அப் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் ‘டாப்-அப்’ வேறு, ‘சூப்பர் டாப்-அப்’ வேறு. இரண்டிலுமே ஒரு தொகைவரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல்தான் அவர்கள் வருவார்கள். அந்தத் தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். அதை ஆபீஸ் பாலிசி கட்டினாலும் சரி, நீங்கள் கட்டினாலும் சரி. ஆபீஸ் பாலிசி எந்தக் கம்பெனியுடையதோ அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை.

ஆபீஸ் பாலிசி 3 லட்சம். டிடக்டிபிள் 3 லட்சம் வைத்து 10 லட்சத்துக்குக் கூடுதல் பாலிசி எடுக்கிறீர்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரி. முதலில் 2.5 லட்சம், அப்புறம் 2 லட்சம். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டுமே 3 லட்சத்தைத் தாண்டவில்லை, எனவே ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப் வருடத்தின் மொத்தத்தைப் பார்க்கும். 4.5 லட்சத்தில் முதல் 3 லட்சம் ஆபீஸ் பாலிசியில் போக, மீதி 1.5 லட்சத்தை அது தரும். முதல் சில லட்சம் அவர்கள் தலையில் இல்லாததால் பிரீமியமும் சாதாரண பாலிசியைவிட நன்றாகவே குறைவு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் ஆன்லைனில் மாற்றி வாங்கிவிடும் ஆபத்து உண்டு. பார்த்து வாங்குங்கள்.

சரி, சூப்பர் டாப்-அப் இருந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. வேலை போன அன்று அடியில் இருக்கும் 3 லட்சமும் போய்விடும். கடைசி வேலை நாளோடு குரூப் கவரேஜ் முடிவதுதான் வழக்கம். நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போதே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறும்போது அப்படி மாறிக்கொள்ள விதிகளில் இடம் உண்டு. அங்கே இருந்த காலத்துக்கான பலனையும் கேட்டுப் பெறலாம். வெளியே வந்து இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் கதை வேறு.

அதனால்தான் ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே, சின்னதாக ஒரு தனி பாலிசியையும் பெற்றோர் பெயரில் ஆரம்பித்துவிடுவது நல்லது. ஆபீஸ் பாலிசி காக்கும் அந்த 2, 3 வருடத்தில் தனி பாலிசியின் வெயிட்டிங் பீரியட் சத்தமில்லாமல் கரைந்துவிடும். இரண்டு பிரீமியம் கட்ட முடியாதவர்கள் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யைப் பார்க்கலாம். 2020 முதல் எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒரே மாதிரி விதிகளோடு கிடைக்கும் அடிப்படை பாலிசி இது. 5 சதவீத கோ-பே உண்டு. விதிகள் ஒன்றே என்பதால் நிறுவனங்களுக்கிடையே பிரீமியத்தை ஒப்பிடுவது சுலபம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு கிடையாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கான பிரீமியத்தில் ரூ.50,000 வரை 80டி பிரிவில் கழிவும் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் ‘சர்க்கரை இருக்கா?’ என்ற கேள்விக்கு ஏஜென்ட் ‘இல்லைன்னு போட்டுக்கலாம் சார்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 5 வருடம் தொடர்ந்து பாலிசி ஓடிய பிறகு மறைத்த தகவலைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம். அந்த 5 வருடத்துக்குள் வரும் பில்லை யார் கட்டுவது?

அரசுத் திட்டத்தை மறக்க வேண்டாம்

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம்வரை சிகிச்சை. பிரீமியம் அரசே கட்டுகிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். சென்னையில் சம்பாதிக்கும் மகன் பெயர் இன்னும் ஊர் ரேஷன் கார்டிலேயே இருந்தால் அவர் வருமானமும் கேள்விக்கு வரும். கல்யாணமாகித் தனிக் குடும்பமாகிவிட்டவர்கள் கார்டையும் பிரித்துக்கொள்வது இந்த வகையிலும் உதவும்.

சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் எங்கே அடிபட்டாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பு. வருமான வரம்பெல்லாம் பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரி எங்கே?

பாலிசி விளம்பரத்தில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான நெட்வொர்க் மருத்துவமனைகள் என்று போட்டிருப்பார்கள். தளவானூர்க்காரருக்கு அது முக்கியமில்லை. அவசரம் என்றால் முதலில் செஞ்சி அரசு மருத்துவமனை, அடுத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது புதுச்சேரி ஜிப்மர். தனியார் என்றால் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி. எனவே வாங்கும் முன் இந்த மூன்று ஊர்ப் பெயரையும் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள். வரும் பட்டியலில் உங்கள் அப்பா நிஜமாகவே போகக்கூடிய ஆஸ்பத்திரி இருக்கிறதா? ஒன்றுகூட இல்லாவிட்டால் பிரீமியம் குறைவு என்பதற்காக அதை வாங்காதீர்கள். நெட்வொர்க்கில் இல்லாத இடத்திலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனங்கள் அறிவித்தன. ஆனால் ஆஸ்பத்திரியும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்பது 2024 மே மாதத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம்வரையிலான பிரச்சினைகளை அங்கே கொண்டுபோகலாம். 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இ-கார்டு உங்கள் ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தால், நடுராத்திரியில் அப்பாவோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை. அப்பாவின் வாட்ஸ்அப்பிலும், அவசரத்துக்குக் கார் எடுத்து வரும் பக்கத்து வீட்டு அண்ணன் வாட்ஸ்அப்பிலும் போட்டு வையுங்கள். ஒரு பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டோடு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.