சோற்றோடு பருப்பு ஏன் சேர வேண்டும்?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பருப்பும் அரிசியும் சேர்ந்தால், இறைச்சிப் புரதத்தின் தரத்தை நெருங்கும் புரதம் உடலுக்குக் கிடைக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் கோத்து அமைந்த தொடர். அவற்றுள் ஒன்பதை உடல் தானே உருவாக்க இயலாமையால், அவை உணவின் வழியாகவே வந்தாக வேண்டும். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலமும் பருப்பில் மெத்தியோனின் என்பதும் குறைவு என்றாலும், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரே நாளுக்குள் உண்டால் போதும்.

எனினும் சோறு தட்டை நிறைத்துப் பருப்பு குழம்பளவில் நின்றுவிடுவதே உண்மையான சிக்கல். சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் அறிமுகப்படுத்திய உணவுத் தட்டு முறை, பாதியைக் காய்கறிக்கும் பழத்துக்கும், கால் பங்கை முழுதானியத்துக்கும், எஞ்சியதைப் புரத உணவுக்கும் ஒதுக்குகிறது. புரதப் பங்கில் மலிவான பருப்பையே வைக்கலாம் என்பதால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் இது பொருத்தமான வழி.

புரதத்தைப் போலவே இரும்புச்சத்துக்கும் எதனோடு எதைச் சேர்க்கிறோம் என்பது முக்கியம். கீரையிலும் பயறுகளிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை. எலுமிச்சைச் சாற்றிலுள்ள வைட்டமின் சி அதனைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது, ஆனால் உணவோடு பருகும் தேநீரின் டானின் அதனைப் பிணைத்துத் தடுப்பதால், தேநீரைச் சற்றுத் தள்ளிப் பருகுவதே நல்லது.