முகம் காட்டாத கிதார் மன்னன்! ரசிகர்கள் படும் பாடு

முகத்தில் வெள்ளை முகமூடி. தலையில் கோழி வறுவல் விற்கும் காகித வாளி. கையில் மின்சார கிதார்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரையன் கரோல் மேடைக்கு வரும் கோலம் இது! "பக்கெட்ஹெட்" என்பது அவரது மேடைப் பெயர். "வாளித் தலையர்" என்று பொருள்.

மேடையில் அவர் பேசுவதில்லை. வாசிப்பார். எந்திர மனிதனைப் போல ஆடுவார். திடீரென்று ரசிகர்களுக்குப் பொம்மைகளை வாரி வழங்குவார்!

3 நாளுக்கு ஒன்று

அவருக்கு ரசிகராக இருப்பது லேசான காரியம் அல்ல. 2015-ம் ஆண்டில் மட்டும் அவர் வெளியிட்ட இசைத் தொகுப்புகள் 118. அதாவது, சுமார் 3 நாளுக்கு ஒன்று! ஒன்றைக் கேட்டு ரசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒன்று காதைப் பிளக்கும். மற்றொன்று தாலாட்டும்.

தாய்க்காக

1998-ல் வெளிவந்த "கோல்மா" தாலாட்டும் ரகம். நோயுற்ற தாய் கேட்டு ஆறுதல் அடைவதற்காகவே அதை மென்மையாக வாசித்தார்.

2017-ல் பேட்டி ஒன்றில் அவர் வாய் திறந்தார். தமது இதயத் துடிப்பு சீராக இல்லை என்றும், அதற்குச் சிகிச்சை பெற்றதாகவும் கூறினார். ரசிகர்கள் கலங்கினார்கள்.

அதன் பிறகும் அவர் மேடை ஏறினார். ரசிகர்களும் திரண்டு வந்தார்கள்.

முகம் தெரியாவிட்டால் என்ன? அவர் மனம் கிதாரில் தெரிகிறதே!