கறுப்பதற்குக் காசு கொடுப்பவர்கள்

புற ஊதாக் கதிர்களைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். மேல்நாடுகளில் சிலர் காசு கொடுத்து, விளக்குகளுக்கடியில் படுத்து உடம்பைக் கறுப்பாக்கிக் கொள்கிறார்கள் என்றும், அதனால் தோல் புற்றுநோய் வருகிறது என்றும் சொன்னேன். தருவைகுளத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்க அப்பா முப்பது வருசமா வெயில்லதான் தொழிலுக்குப் போறாவ, சார். அவியளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகவே விடை சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவி. பெட்டியைப் போல மூடித் திறக்கும் படுக்கை; மேலும் கீழும் வரிசையாகக் குழல் விளக்குகள். நம் வீட்டுக் குழல் விளக்கைப் போலவே உள்ளே பாதரச ஆவி உண்டு. குழலின் உட்புறம் பூசப்பட்ட பொருள்தான் வேறு. நம் விளக்கில் அது வெண்ணொளி தருகிறது. அங்கே புற ஊதாக் கதிர்களைத் தருகிறது. ஆற்றல் மிக்க சில படுக்கைகளில் நீண்ட அலைப் புற ஊதாக் கதிர்களின் செறிவு நண்பகல் வெயிலைப்போல் பத்து முதல் பதினைந்து மடங்கு வரை இருக்கும்.

அடுப்பின் முன்னே மணிக்கணக்கில் நிற்பவருக்கு வியர்க்கிறது. ஆனால் தோல் வெயிலில் கறுப்பதுபோல் கறுப்பதில்லை. ஏன்? ஒளி சிறுசிறு பொட்டலங்களாகவே ஆற்றலைத் தருகிறது. 1240 என்ற எண்ணை நானோமீட்டரிலுள்ள அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பொட்டலத்தின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். அடுப்பின் வெப்பக் கதிருக்கு (2000 நானோமீட்டர்) 0.6. சிவப்பு ஒளிக்கு (650) 1.9. புற ஊதாவுக்கு (300) 4.1. இரண்டு கார்பன் அணுக்களின் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 வேண்டும். வெப்பக் கதிர் எத்தனை கோடி வந்தாலும் சூடாக்குமே தவிர, இந்த வேலையைச் செய்யாது. சல்லிக் காசுகளை எவ்வளவு கொட்டினாலும் ரூபாய் நாணயம் மட்டும் ஏற்கும் எடை இயந்திரம் அசையாதது போலத்தான்.

புற ஊதாக் கதிர் உயிரணுவின் டி.என்.ஏ.யில் விழுந்தால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். நீண்ட அலைக் கதிர்கள் வேறு மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டு மறைமுகமாகவும் கெடுக்கின்றன. உடலுக்குள்ளேயே பழுது பார்க்கும் ஏற்பாடு உண்டு. அதை ஆராய்ந்த லிண்டால், மாட்ரிச், சான்சார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எல்லாப் பழுதும் சரியாவதில்லை. சரியாகாதவை சேரச் சேரப் புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது. அவர்கள் அழகென்று நினைக்கும் அந்தக் கருமை, அடிபட்ட தோல் அவசரமாகத் தேடிக்கொள்ளும் பாதுகாப்பே. அதுவும் சொற்பப் பாதுகாப்புதான்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009இல் இப்படுக்கைகளைப் புகையிலையும் கல்நாரும் உள்ள முதல் வகுப்பில் சேர்த்தது. (சான்று அதே அளவு உறுதியானது என்பதே இதன் பொருள், ஆபத்தும் அதே அளவு என்பதல்ல.) இளவயதில் தொடங்குவோருக்கு ஆபத்து அதிகம் என்றும் கண்டார்கள். பிரேசில் அதே ஆண்டில் இவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2016க்குள் கட்டணம் வாங்கி நடத்தும் நிலையங்கள் தடை செய்யப்பட்டன.

இனி அந்த மாணவனின் தந்தைக்கு வருவோம். அவருக்குக் காவல் மெலனின் என்னும் நிறமி. அது உயிரணுவின் கருவுக்கு மேலே குடை பிடித்தாற்போல் திரண்டு நிற்கிறது. 1979இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, குற்றலைப் புற ஊதாக் கதிரில் வெள்ளைத் தோலின் மேலடுக்கு 24 விழுக்காட்டையும், கறுப்பினத்தவர் தோலின் மேலடுக்கு 7 விழுக்காட்டையும் உள்ளே விட்டன. "வெயிலில் அலையாதே, கறுத்துப் போவாய்" என்று வீட்டில் குறை சொல்லப்படும் அந்த நிறம் செய்யும் வேலை இது! பிறவியிலேயே மெலனின் இல்லாத குழந்தைகளுக்கு இக்குடை கிடையாது. அவர்கள் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் இன்றி நம் கரையில் வெயிலில் நடமாடுவது மெய்யான ஆபத்து. இளமையிலேயே தோல் புற்று வரக்கூடும்.

ஆனால் குடை தோலுக்குத்தான்; கண்ணுக்கு இல்லை. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் 15 விழுக்காட்டையும், கடல் நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. உப்பளத்தின் வெண்குவியல்களும் சும்மா இருப்பதில்லை. கீழிருந்து வரும் இக்கதிரைத் தலையில் கட்டிய துண்டு தடுக்காது. வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்வதற்கும், கண்புரை சீக்கிரம் வருவதற்கும் இக்கதிர்கள் காரணமாகின்றன. ஆகவே தந்தையின் தோலைப் பார்த்த மாணவன், அவர் கண்களையும் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிவது நல்லது. கறுப்பாக இருந்தாலே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி பாவையை விரியச் செய்து கூடுதல் கதிரை உள்ளே விடவும் கூடும்.

எந்த நேரத்து வெயில் கடுமையானது? கருவி வேண்டாம், நிழல் போதும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையானால் கதிர் வலுத்துவிட்டது எனக் கொள்ளலாம். தருவைகுளத்தில் சித்திரை முதல் நாளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நம் கடிகாரப்படி அது 12 மணி 17 நிமிடத்துக்கு. மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதால், 45 பாகைக்கு மூன்று மணி நேரம். அப்படியானால் காலை 9.17 முதல் பிற்பகல் 3.17 வரை நிழல் குட்டையாக இருக்க வேண்டும். ஒரு கம்பை நட்டு அளந்து பாருங்கள்.